தனியாக வருகிறவர்களுக்கு ஒரு காபிக் கடை

தனியாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். உள்ளே நுழைந்ததும் "எத்தனை பேர் சார்?" என்று கேட்பார்கள். "ஒருத்தர்தான்" என்றதும் கேட்டவர் முகம் லேசாக மாறும். நாலு பேர் உட்காரும் மேஜையை ஓர் ஆளுக்குத் தர யாருக்கு மனசு வரும்? அரை மணி நேரம் தாண்டினால் கேட்காமலே பில் வந்து விழும். நான் பெரும்பாலும் தனியாகச் சுற்றுகிற ஆள். தனி ஆளைத் தொந்தரவாக நினைக்காத கடை உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் படிக்கப்போய் மாட்டியதுதான் ஜப்பானின் கிஸ்ஸாடென்.

'தேநீர் அருந்தும் கடை' என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். ஆனால் அங்கே முக்கியமாக விற்பது காபி! குடியிருப்புத் தெருவிலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ ஒரு சின்ன அறை. மங்கிய வெளிச்சம். நீளமாக ஒரு கவுன்டர், அதன் முன்னால் சில நாற்காலிகள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் காபி போடுகிறவர்தான் பல கடைகளில் முதலாளியும். வாடிக்கையாளர்கள் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள்.

இந்தக் கடை ஆரம்பத்திலேயே இப்படி இல்லை. முதலில் வந்தது இதற்கு நேர் எதிரான கடை.

1888 ஏப்ரல் 13 அன்று டோக்கியோவின் உயேனோ பகுதியில் டெய் எய்கெய் என்பவர் 'கஹீச்சாக்கன்' என்ற கடையைத் திறந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பியவர். அந்தக் காலத்து ஜப்பானியப் பெரிய மனிதர்கள் மேல்நாட்டு உடையில் நடன விருந்துகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். டெய்க்கு அது பிடிக்கவில்லை. சாதாரண ஜனங்களும் மாணவர்களும் வந்து படிக்க, பேச ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். செய்தித்தாள், புத்தகம், எழுதும் மேஜை, பில்லியர்ட்ஸ், குளியலறை என்று ஒன்று விடாமல் வைத்தார். காபி ஒன்றரை சென், பால் சேர்த்தால் 2 சென் (100 சென் சேர்ந்தால் ஒரு யென்). அப்போது ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸே ஏறக்குறைய ஒரு சென்தான். வயிறு நிறைகிற சாப்பாட்டைவிடக் கசக்கிற தண்ணீருக்கு அதிக விலை கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? சில வருடங்களிலேயே கடை மூடப்பட்டது. கடனில் மூழ்கிய டெய் அமெரிக்காவுக்குப் போய், 1895இல் சியாட்டிலில் இறந்துபோனார். அவர் கடை திறந்த ஏப்ரல் 13தான் இன்று ஜப்பானில் 'கிஸ்ஸாடென் தினம்'. உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதை!

காபி மலிவானதற்குக் காரணம் பிரேசில். 1908இல் 'கசாத்தோ மாரு' என்ற கப்பலில் 781 ஜப்பானியர்கள் பிரேசிலின் காபித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அந்தக் குடியேற்றத்தை நடத்திய ரியோ மிசுனோவுக்குச் சாவோ பாவுலோ மாநில அரசு காபிக்கொட்டையை இலவசமாகக் கொடுத்தது. ஜப்பானில் காபிச் சந்தையைப் பிடிப்பது அதன் கணக்கு. அந்தக் கொட்டையை வைத்து 1911இல் கின்சாவில் திறந்த 'கஃபே பாவ்லிஸ்தா'வில் ஒரு கப் 5 சென். இலவசக் கொட்டையாக வந்தாலும், அதற்கான விலையைத் தோட்டத்தில் வேறு யாரோ வியர்வையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1920களில் 'கஃபே' என்ற சொல் வேறு பக்கம் திரும்பியது. மதுவும், பக்கத்தில் உட்கார்ந்து உபசரிக்கும் பெண்களும்தான் கஃபேயின் அடையாளம் ஆனார்கள். 1929இல் டோக்கியோ போலீஸ் இவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. "நாங்கள் அந்த மாதிரி இல்லை, காபி மட்டும்தான்" என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கடைகளுக்கு 'ஜுன்கிஸ்ஸா', அதாவது 'தூய' கிஸ்ஸா என்று பெயர் வந்தது. மதுவும் உபசரிப்பும் போனபின் மிஞ்சியது என்ன? காபி, நாற்காலி, அப்புறம் இசைத்தட்டு.

இசைத்தட்டு சின்ன விஷயம் இல்லை. இறக்குமதியான தட்டு சாதாரண ஊழியரால் நினைத்தபோது வாங்க முடிகிற பொருளாக இருக்கவில்லை. ஒரு கப் காபி வாங்கினால் அதைக் கடையில் கேட்கலாம். 1926இல் ஷிபுயாவில் தொடங்கிய 'லயன்' கடை மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கானது. போரில் எரிந்து, 1950இல் மறுபடி கட்டப்பட்டது. நாற்காலிகள் எல்லாம் ஒரு பெரிய ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருக்கும். பேசக்கூடாது! யோகோஹாமாவில் 1933இல் தொடங்கிய 'சிகுசா' ஜாஸுக்கானது. நாலு பேராகப் போய் அரட்டை அடிக்க முடியாத கடையில் தனியாகப் போகிறவன்தானே ராஜா?

போர்க்காலத்தில் காபிக்கொட்டை வரத்து நின்றது. சோயா போன்றவற்றை வறுத்துப் போலிக் காபி போட்டார்கள். 1950இல் இறக்குமதி மறுபடி தொடங்கியது. அடுத்த முப்பது வருடங்களில் லட்சக்கணக்கான இளைஞர்கள் வேலைக்கும் படிப்புக்கும் நகரங்களுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்தது காலை நீட்டிப் படுக்கத்தான் இடம் தருகிற அறை. அப்படிப்பட்டவர்களுக்கு வரவேற்பறையாகவும் படிப்பறையாகவும் இருந்தது கிஸ்ஸாடென். காபி விலையில் பாதி அந்த நாற்காலிக்கான வாடகை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதனால் யாரும் எழுப்ப மாட்டார்கள். எழுத்தாளர் ஹருகி முரகாமி எழுத வருவதற்கு முன்னால், 1974 முதல் மனைவியோடு சேர்ந்து டோக்கியோவில் ஒரு ஜாஸ் கடை நடத்தியவர்.

1981இல் ஜப்பானில் ஏறக்குறைய 1,54,000 கிஸ்ஸாடென்கள் இருந்தன. அதுதான் உச்சம். 2021 கணக்கெடுப்பில் சுமார் 59,000. 1980இல் 'டோட்டோர்' 150 யென்னுக்குக் காபி விற்க ஆரம்பித்தது. 1996இல் ஸ்டார்பக்ஸ் வந்தது. 2013இல் செவன் இலெவன் கடைகளில் 100 யென்னுக்கே காபி கிடைத்தது. வயதான மாஸ்டர்களுக்குப் பின் கடையை எடுத்து நடத்த ஆள் இல்லை. கின்சாவில் 1948இல் 'கஃபே டு லாம்ப்ர்' கடையைத் தொடங்கிய இச்சிரோ செகிகுச்சி 2018இல், 103 வயதில் இறந்தார். காபியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதையே பெருமையாக அறிவித்த கடை அது.

அந்தக் கடைகளைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பல கடைகளில் பல வருடங்கள் சிகரெட் புகை மண்டிக் கிடந்தது. மாஸ்டர் சிடுமூஞ்சியாக இருந்தால் காபியும் கசப்பு, அவரும் கசப்பு. :)

ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. டெய் எய்கெய் எல்லாவற்றையும் கொடுத்துத் தோற்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள்: பில்லியர்ட்ஸ், குளியலறை, மது, உபசரிப்பு, சில இடங்களில் பேச்சையும். கடைசியில் மிஞ்சிய இடம் சரியாக ஓர் ஆள் உட்காரும் அளவு இருந்தது. இன்று நல்ல காபி எங்கேயும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாமல், யாரும் விரட்டாமல், ஒரு மணி நேரம் சும்மா உட்கார ஒரு நாற்காலி? அதை இப்போது யார் விற்கிறார்கள்?