நயினைக் கடலும் ஒரு கற்சாசனமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையூடாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகாட்டுவான் துறையிலே மோட்டர் வள்ளம் ஏறும் அடியார்க்கு நயினாதீவு சிறிது நேரக் கடற்பயணமே. ஆயினும் நாகபூசணி அம்மன் ஆலயத்தின் மகோற்சவம் நிகழும் ஆனி மாதம் சோளகக் காற்று வீறுகொள்ளும் காலமாகும். வள்ளம் அலைமேல் ஏறியிறங்குந்தோறும் "அம்மாளாச்சி" என்னும் குரல் எழுதலை அங்குக் கேட்கலாம். கரையில் நின்று கும்பிடுவோனின் பக்தி வேறு. கடல் நடுவே கைகூப்புவோனின் பக்தி வேறு. இத்தலத்தின் பழைமையை ஆராயப்புகுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் நன்று.

தலத்தின் தோற்றம்பற்றி வழங்கும் ஐதிகமும் கடலிலேயே தொடங்குகின்றது. அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகமொன்று அம்பிகையை அருச்சித்தற்குரிய மலரை வாயிற் கௌவிக்கொண்டு நாடோறும் நீந்தி வந்தது. ஒருநாள் கருடன் அதனைத் தாக்க முற்பட, நாகம் கடலினின்றும் எழுந்த பாறையொன்றைச் சுற்றிக்கொண்டது. எதிரேயிருந்த மற்றொரு பாறையிற் கருடன் அமர்ந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் இடைநின்று நாகத்துக்காகக் கருடனை வேண்டினான். அம்பிகைக்குக் கோயில் எடுப்பித்தல் வேண்டும் என்று கருடன் கூற, வணிகனும் அவ்வாறே செய்தான் என்பர். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளை இன்றும் அடியார்க்குக் காட்டுவர்.

இக்கதையை வரலாறு என்று கொள்ளவேண்டுவதில்லை. ஆனால் அதனை வெறுங்கதை என்று தள்ளிவிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கோயிலை எடுத்தவன் அரசனும் அல்லன், முனிவனும் அல்லன்; கடல் வணிகன். தலபுராணங்களில் இஃது அத்துணைப் பொதுவான செய்தியன்று. நயினைக் கடலில் வணிக மரக்கலங்கள் சென்றன என்பதற்குக் கதையன்றி வேறு சான்று உண்டோ எனின், உண்டு. அச்சான்று அவ்வாலயத்திலேயே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமே அது. மேற்பகுதி சிதைந்துள்ள இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். எஞ்சிய பகுதி கூறும் செய்தி தெளிவானது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படுதல் வேண்டும். பிற துறைகளினின்றும் பரதேசிகள் வந்து அத்துறையிற் கூடுதல் வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துவிடின், நான்கில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன. ஏனை வணிக மரக்கலம் உடையின் பண்டாரத்துக்குச் செம்பாகம், உடையவனுக்குச் செம்பாகம். இவ்வாணை கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டதாகச் சாசனமே கூறுகின்றது.

பாதியைப் பறித்துக்கொள்ளும் அரசன் எவ்வாறு பரதேசிகளைக் காப்பவனாவான் என்று இக்காலத்தவர் வினவலாம். கடலில் உடைந்த கலத்தின் சரக்கு முழுவதையும் கரைக்குரிய அரசன் கவர்ந்துகொள்வது அக்கால வழக்காக இருந்தது. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிற் காகதீய மன்னன் கணபதி 13ஆம் நூற்றாண்டிலே பொறிப்பித்த அபயசாசனம், முன்னைய அரசர் அவ்வாறு கவர்ந்தமையையும் தான் அதனைக் கைவிட்டமையையும் எடுத்துரைக்கின்றது. அதற்கு ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகட்கு முன்னரே பராக்கிரமபாகு உடையவனுக்குப் பங்கு உண்டெனச் சட்டம் செய்தான். அவன் யானைக்கும் குதிரைக்கும் கூடுதலான சலுகை அளித்தமை அருளினால் மட்டும் அன்று. படைக்கு அவை வேண்டியிருந்தன.

ஊராத்துறை என்பது இக்கால ஊர்காவற்றுறை என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. பராக்கிரமபாகு பாண்டிநாட்டின்மேல் மீண்டும் படையெடுத்தற்பொருட்டு மரக்கலங்களை ஆயத்தஞ்செய்த துறைகளுள் ஊராத்துறையும் ஒன்று என்பதும், சோழர் ஏவிய படை அத்துறைகளை அழித்து யானைகளைக் கவர்ந்து சென்றது என்பதும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனத்தால் விளங்கும். பின்னர் வந்த போர்த்துக்கேயரும் இத்துறையை யானைத்துறை என்றே தம் மொழியில் வழங்கினர். கயிற்ஸ் என்னும் பெயர் அதன் திரிபே. ஆனால் அவர் காலத்தில் யானைகள் இத்துறைவழியாக வெளியே சென்றன.

ஊராத்துறைக்குரிய ஆணை நயினாதீவு ஆலயத்தில் இருப்பது ஏன்? போர்த்துக்கேயர் கோயில்களை இடித்த பின்னர்க் கற்கள் இடம்பெயர்ந்தமை யாழ்ப்பாணத்திற் புதுமையன்று. இக்கல்லும் அவ்வாறு வந்திருக்கலாம். எனினும் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பலரும் அறியவேண்டிய ஆணைகளை வழிபாட்டிடங்களிற் பொறிக்கும் மரபு உண்டு. கடலோடிகள் நேர்த்தி வைத்து இறங்கும் தீவொன்றிலே, உடைந்த மரக்கலம்பற்றிய சட்டத்தை நாட்டுதலினும் பொருத்தமான செயல் யாது? இவ்விரண்டாவது கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. சிங்கள அரசன் ஒருவன் இதனைத் தமிழில் எழுதுவித்தமையும் அதனை வாசிக்கவேண்டியவர் யாவர் என்பதை உணர்த்தும். அதற்குமேல் இச்சாசனத்தைக் கொண்டு தீவின் உரிமைபற்றி வழக்காட முயல்வோர் கல்லில் இல்லாததை வாசிப்பவராவர். எஞ்சிய பகுதியிலே கோயிலும் இல்லை, விகாரையும் இல்லை.

இவ்வெச்சரிக்கை மணிபல்லவம்பற்றியும் வேண்டுவதாகும். நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் எனப் பலர் உறுதியாக எழுதியுள்ளனர். அக்காப்பியமோ மணிபல்லவத்தைப் புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் வைக்கின்றது. அந்த அளவை இங்குப் பொருத்துதல் எளிதன்று. மணிபல்லவத்துப் பீடிகைக்காக நாகவரசர் இருவர் பொருத செய்தி, மகாவம்சம் நாகதீபத்தில் நிகழ்ந்ததாகக் கூறும் மகோதரன், சூளோதரன் என்போரின் பூசலை ஒத்தது என்பது உண்மை. ஆனால் 1936இற் கிடைத்த வல்லிபுரப் பொன்னேட்டிலே நாகதீவம் என்னும் பெயர், அமைச்சன் ஒருவன் ஆண்ட பரந்த நிலப்பகுதிக்கு வழங்குகின்றது. அது யாழ்ப்பாணக் குடாநாட்டையே குறிக்கும் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. ஆகவே பெயரொற்றுமை ஒன்றையே துணையாகக் கொண்டு சைவர் தம் ஆலயத்தையும் பௌத்தர் தம் விகாரையையும் நிலைநாட்ட முயல்வது உறுதியற்ற அடித்தளத்திற் கட்டடம் எழுப்புவதாகும்.

காப்பியத்திலிருந்து கொள்ளத்தக்கது வேறொன்று. சாவக நாட்டுக்குக் கலமேறிய ஆபுத்திரன், காற்றின் மிகுதியால் மணிபல்லவத்தில் தங்கிய கலத்தினின்றும் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று கருதிக் கலம் சென்றுவிட்டது. பல்லுயிரை ஓம்பிய அமுதசுரபியை ஆளில்லாத் தீவிலே தனக்கு மட்டும் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர்நீத்தான். அத்தீவு எதுவாயினும் ஆகுக. காற்றும் கலமும் தெய்வமும் ஒருங்கே நிற்கும் தீவொன்று தமிழர் நினைவில் நெடுங்காலம் இருந்தது என்பதற்கு இது போதும்.

1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததன் பின் நயினை ஆலயமும் போர்த்துக்கேயரால் அழிந்தது. அவரையடுத்து வந்த ஒல்லாந்தர், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும் வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் பெயரிட்டதுபோல நயினாதீவுக்கு ஹார்லெம் என்று தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டனர். தேசப்படத்தில் எழுதிய அப்பெயரை ஊரார் ஒருபோதும் வழங்கிற்றிலர். ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்கூற்றிலே சைவாலயங்கள்மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்தபோது, 18ஆம் நூற்றாண்டில் அம்மன் ஆலயமும் மீண்டும் எழுந்தது.

இன்று திருவிழாக் காலத்தில் வள்ளத்தினின்றும் இறங்குவோர் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பியவாறே விரைகின்றனர். நாகப் பிரதிட்டை செய்வோரும் பிள்ளைப்பேறு வேண்டுவோரும் ஒருபுறம் நிற்பர். சாசனத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலர். மத்தியானப் பூசை முடிந்ததும் கூட்டம் அன்னதான மண்டபத்தை நோக்கித் திரும்பும். வந்தவர் எவர், எவ்வூரவர் என்று வினவாது அங்குச் சோறு படைக்கப்படுகின்றது. அம்மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர்.