மண்ணில் தோன்றும் நீலம்

திண்டுக்கல் சமவெளியின் செம்மண்ணில் தக்காளி பயிரிடும் உழவர் ஒருவர், மண் பரிசோதனை நிலையத்திற்கு அரைக் கிலோ மண் கொண்டு செல்கிறார். அதிலுள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? மண்ணிலிருந்து வடித்த கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட்டையும் அமிலத்தையும் சேர்த்து, வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தையும் ஊற்றுவார்கள். கரைசல் நீலமாகும். நீலம் ஆழமாக இருந்தால் மணிச்சத்து மிகுதி என்று பொருள். எத்தனை மூட்டை உரம் வாங்குவது என்பதை அந்த நிறமே தீர்மானிக்கிறது. அதை நம்பலாமா?

1826-இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சீலியஸ், பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் அமிலத்தில் சேரும்போது மஞ்சள் வீழ்படிவு உண்டாவதைக் கண்டார். ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குப் பன்னிரண்டு மாலிப்டினம் அணுக்கள் என்ற விகிதம் பின்னர் தெளிவாயிற்று. ஆனால் அவை அடுக்கப்பட்டிருக்கும் விதம் புதிராகவே இருந்தது. 1929-இல் பாலிங் ஓர் அமைப்பை ஊகித்தார்; அதில் ஆக்சிஜன் எண்முகிகள் மூலைகளால் மட்டுமே இணைந்திருந்தன. 1933-இல் மான்செஸ்டரில் கெகின் என்பவர், மாலிப்டினத்தின் உறவான டங்ஸ்டன் சேர்மத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். எண்முகிகள் விளிம்புகளையும் பகிர்கின்றன என்பது புலனாயிற்று. நடுவில் பாஸ்பரஸ், சுற்றிலும் பன்னிரண்டு உலோக அணுக்கள், மொத்தம் 40 ஆக்சிஜன் அணுக்கள்! அகலம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இக்கூட்டைக் கட்டுபவர் யார்? எவருமில்லை. அமிலம், மாலிப்டேட் அயனிகளின் ஆக்சிஜன் சிலவற்றை நீராக்கிக் கழற்றிவிடுகிறது. எஞ்சிய ஆக்சிஜனை அண்டை அயனிகள் பகிர்ந்துகொண்டு, பாஸ்பேட்டைச் சுற்றித் தாமே கூடுகின்றன. அஸ்கார்பிக் அமிலம் தரும் எலெக்ட்ரான்கள் கூட்டினுள் புகும்போது மஞ்சள் நீலமாகிறது. 1962-இல் மர்பி, ரைலி இருவரும் ஆன்டிமனியையும் சேர்த்தனர். அது கூட்டிலேயே இடம்பெற்று நிறத்தை விரைவாகத் தருகிறது. காரம் சேர்த்தாலோ, டங்ஸ்டன் கூட்டில் ஓர் அணு உதிர்ந்து இடம் காலியாகும். அங்கே வேறு உலோகத்தைப் பொருத்தலாம்.

1995-இல் ஜெர்மனியின் பீலஃபெல்டில் ம்யூல்லர் குழுவினர், மாலிப்டின நீலக் கரைசலிலிருந்து 154 மாலிப்டினம் அணுக்கள் கொண்ட சக்கரத்தையே பிரித்தெடுத்தார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் ஒரு கூட்டைத் தோற்றுவிப்பதால் நீலம் நல்ல அளவுகோல்தான். ஆயினும் சிலிகானும் ஆர்சனிக்கும் இதே போன்ற கூடுகளைக் கட்டவல்லவை. அமிலத்தின் அளவைச் சரியாக வைத்துச் சிலிகானைத் தடுக்கலாம். ஆர்சனிக்கைத் தனியே கவனிக்க வேண்டும். எனவே, அன்பர்களே, அமிலத்தை அளந்து ஊற்றும் கையில்தான் உழவரின் பணம் இருக்கிறது.