பிற்பகலுக்கும் டைம்டேபிள்

பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தைப் பார்த்தால் எனக்கு 1953 ஞாபகம் வரும். முதல்வர் ராஜாஜி அந்த வருடம் கொண்டுவந்த திட்டப்படி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரத்தில் பையன்கள் அப்பாவின் தொழிலையும், பெண் பிள்ளைகள் வீட்டு வேலையையும் பழக வேண்டும். ஷிஃப்ட் போட்டால் இருக்கிற கட்டடத்திலேயே நிறைய பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றது அரசு.

பெரியாரும் தி.மு.க.வும் இதைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் முணுமுணுப்பு. 1954இல் ராஜாஜி விலகினார். காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

இதைச் சாதியின் கதையாகப் பேசுகிறோம், சரிதான். கூடவே இது வீட்டின் கதையும்கூட. 'என் பிள்ளைக்கு இந்தத் தொழில் வேண்டாம்' என்று சொல்ல செருப்புத் தைக்கிறவருக்கும் உரிமை உண்டு. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பிற்பகலுக்குப் பள்ளியே டைம்டேபிள் போட்டது.

பத்து வருடம் கழித்து, 1964இல், எங்கள் பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏர் பிடித்தவர்களின் மகன்கள் அங்கே லேத் மெஷினில் நின்றார்கள்.

அந்தக் கட்டத்தை நிரப்புங்கள், தப்பில்லை. எதற்குக் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு நிரப்புங்கள்.