நாட்குறிப்பும் வரலாறும்

அரசர்தம் வெற்றிகளைக் கல்லிற் பொறித்த தமிழர், தம் அன்றாட வாழ்வை ஏட்டில் எழுதிவைத்தமை அரிது. அவ்வாறு எழுதியோருள் தலையாயவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ஆவர். டூப்ளே துரையின் தலைமைத் துபாசியாக விளங்கிய இவர், 1736ஆம் ஆண்டு தொடங்கிய நாட்குறிப்பை 1761இல் தாம் இறக்கும்வரை எழுதினார். 1846இல் கண்டெடுக்கப்பட்ட அது, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இதன் நடை இலக்கணச் செம்மை உடையதன்று. பேச்சு வழக்கும் பிறமொழிச் சொல்லும் விரவியது. ஆயினும், அக்குறையே நிறையாயிற்று. அக்காலப் புதுவைத் தமிழ் நம் செவியில் ஒலிக்கின்றது. தமிழாண்டும் மாதமும் தேதியும் முறையே குறித்துச் செல்லும் அமைப்பு, ஆராய்வார்க்குப் பெருந்துணை. கப்பல் வரவும் வணிகமும் துரைமார் பூசலும் அடுத்தடுத்து வருதலாற் சுவை குன்றுவதில்லை. தம் பெருமையை அவர் மிகுத்துரைக்கும் இடங்களும் உள. ஆதலின் பிற சான்றுகளோடு ஒப்புநோக்கியே கொள்ளல் வேண்டும்.

1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் திரளாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நம் கொடிகாமமும் புகலிடமாயிற்று. வந்தோர் தொகையை அறிக்கைகள் கூறும். எவ்வீட்டுத் திண்ணையில் யார் உறங்கினர், எவர் உலையிற் பொங்கியதை எவர் பகிர்ந்துண்டனர் என்பவற்றைக் கூறா. அவற்றை அறிந்தோர் முதுமை எய்துகின்றனர். மாணவர்காள்! இன்றே அவர்களை வினவி, திகதியிட்டு எழுதிவைப்பீராக.