26 வாக்குகள்

ம.இ.கா. வரலாற்றை எழுதுவோர் தலைவர் தேர்தல்களையே பெரிதாக எண்ணுவர். உண்மையில் அக்கட்சியின் போக்கை மாற்றியது 1977ஆம் ஆண்டின் துணைத்தலைவர் தேர்தலாகும். சாமிவேலுவும் சுப்பிரமணியமும் எதிர்நின்றனர் (பின்னாளில் தலைவரான டாக்டர் சுப்பிரமணியம் வேறொருவர்). தலைவர் மாணிக்கவாசகத்தின் ஆதரவு சுப்பிரமணியத்துக்கே. எனினும் சாமிவேலு 26 வாக்குகளில் வென்றார். பதினான்கு பேராளர் மாற்றி வாக்களித்திருப்பின் முடிவே வேறு! 1979 அக்டோபரில் மாணிக்கவாசகம் மறைந்தார். தலைமைப் பொறுப்பு துணைவர் கைக்கு வந்து, 2010 வரை நிலைத்தது. 1989இல் சுப்பிரமணியம் தலைவர் பதவிக்கே போட்டியிட்டும் தோற்றார்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூரில், வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டு குடவோலைக்கு உரியரல்லர். அத்தகைய தடை இங்கு இல்லை. மலாக்காவின் அலோர் காஜா, ஜாசின் தோட்டங்களில் சந்தா கட்டிய பால்மரத் தொழிலாளியோ, 1977இல் இருவருள் எவருக்கும் நேரே வாக்களித்தவரல்லர். பேராளர்க்கே அவ்வுரிமை இருந்தது.