மிளகிலிருந்து மிளகாய்க்கு: மைசூர்க் கீரையும் அதன் காரமும்

சிறுபாணாற்றுப்படையில் வறிய பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி அவித்து, புறங்கூறுவோர் கண்ணில் படாமல் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றில் புலவர் பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கு உப்போடு மோரும் இல்லை. கீரை தின்றதால் இவர்கள் ஏழைகள் ஆகவில்லை; அதனோடு சேர வேண்டியது இல்லாததே வறுமை. மைசூர் வட்டாரக் கீரைச் சமையலையும் இந்தத் துணைப்பொருள் வழியாகவே, அங்கே காரத்தின் வழியாகவே, ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

கன்னட நாட்டில் சமையல் வெகு முன்னதாகவே ஏட்டில் ஏறிவிட்டது. சாவுண்டராயரின் ‘லோகோபகாரம்’ 1025ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’ வடமொழியில் வந்தது. அக்காலத்தில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. 1510இல் கோவா போர்ச்சுகீசியர் வசமானது. அவர்கள் கொண்டுவந்த மிளகாய் உள்நாட்டுக்குப் பரவியது அதன் பிறகுதான். கன்னடப் பக்திக் கவிஞர் புரந்தரதாசர் (இறப்பு 1564) மிளகாயைப் பாடியதாக உணவு வரலாற்றாசிரியர் கே. டி. ஆச்சயா ஒரு பாடலைக் காட்டுகிறார். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்த ஒரு பாட்டைக் கொண்டு காலம் கணிக்க எனக்குத் துணிவில்லை.

மைசூர் அக்ரஹாரத்து வைதிக அடுக்களையில் பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் இடமில்லை. ராமானுஜர் 12ஆம் நூற்றாண்டில் தங்கிய மேல்கோட்டையோடு தம் மரபைப் பிணைத்துக்கொள்ளும் மண்டயம் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது தமிழ். ரசத்துக்கு அவர்கள் சொல் சாத்தமுது. இந்த அடுக்களைகளில் கீரையைத் துவரம்பருப்போடு குழைய வேகவிட்டு, புளி கரைத்து, மிளகாய், தனியா, கடலைப்பருப்பு, வெந்தயம் வறுத்துப் பொடித்த ஹுளிப்பொடியைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். காரத்தின் அளவு அடுப்படியிலேயே முடிவாகிவிடும்.

நகரைத் தாண்டி மண்டியாப் பக்கம் போனால் உப்புசாறு. கீரையையும் பருப்பையும் உப்பு மட்டும் போட்டு வேகவைத்து நீரை வடிக்கிறார்கள். வடிந்த கீரை தாளிப்பில் பல்யம் என்னும் பொரியலாகிறது. வடித்த நீரே சாறு. காரம் இதில் சேர்வதில்லை. சுட்ட மிளகாய், பூண்டு, மிளகு, சீரகம், புளி, உப்பு சேர்த்து அரைத்த விழுது தட்டின் ஓரத்தில் இருக்கும். ராகி முத்தையை, அதாவது களி உருண்டையை, விழுங்குகிறவர் தமக்கு வேண்டிய அளவு அதைச் சாற்றில் கரைத்துக்கொள்வார். ஒரே பானையில் குழந்தைக்கும் கிழவிக்கும் உழுது வந்தவருக்கும் உணவாக வேண்டிய வீட்டில் பிறந்த ஏற்பாடு இது என்று ஊகிக்கிறேன். அந்த விழுதில் மிளகாய் வந்தபின்னும் மிளகு வெளியேறவில்லை. பழைய காரமும் புதிய காரமும் ஒரே அம்மியில் அரைபடுகின்றன. மிளகிலிருந்து மிளகாய்க்கு வந்த மாற்றத்துக்கு ஏடுகளைவிட இதையே நான் வலுவான சான்றாகக் கொள்வேன்.

அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் கொலார்டு கீரை வெந்த நீரைக் கொட்டுவதில்லை. கீரைமேல் மிளகாய் ஊறிய வினிகரைத் தெளித்துக்கொள்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைமணம் இந்தச் சமையலில் உண்டு. கீரை வெந்த அந்தச் சாற்றில் சோள ரொட்டியைத் தோய்ப்பதா, உதிர்த்துப் போடுவதா என்று 1931இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங் அட்லாண்டா நாளிதழ் ஒன்றோடு வாரக்கணக்கில் வாதாடினார்.

மைசூரில் ஹுளிப்பொடி இன்று பாக்கெட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. உப்புசாற்றுக் காரமோ ஈர விழுது. பொடிபோல் மாதக்கணக்கில் தாங்காது. அம்மி போய் மிக்ஸி வந்தாலும் பெரும்பாலும் அதை வீட்டில்தான் அரைக்கிறார்கள்.