கோபுரக் குறியும் ஐந்து கம்பியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் செம்மங்குப்பத்தைக் கடக்கிற பிரயாணி, சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளை மட்டும் கண்டுவிட்டு, இவ்வூருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிவிடக்கூடும். கிழக்கே உப்பனாற்றைத் தாண்டினாலோ மணல்மேடுகளும், சித்திரைப்பேட்டை, ராசாப்பேட்டை முதலிய மீனவக் குப்பங்களும், அவற்றுக்கு அப்பால் ஓயாது மடங்கி விழும் வங்கக் கடலும் எதிர்ப்படும். வடக்கே கடலூர்த் துறைமுகம், தெற்கே பரங்கிப்பேட்டை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு கரையில் தொழில் செய்தவர்கள், தாம் கடலில் எங்கே நிற்கிறோம், காலடியில் எத்தனை ஆழம், நீர் எத்திசையில் இழுக்கிறது என்ற மூன்று வினாக்களுக்கும் எவ்வாறு விடை கண்டார்கள் என்பதே ஒரு தனிச் சரித்திரம்.

கட்டுமரம் ஏறிப் போனவனிடம் உபகரணம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருந்ததில்லை. கனம் கட்டிய கயிற்றை இறக்கி, இரு கைகளையும் விரித்து அளக்கும் பாகக் கணக்கில் ஆழத்தை அறிந்தான். கனத்தில் ஒட்டி வந்தது சேறா, மணலா என்று பார்த்து அடித்தரையின் சுபாவத்தை ஊகித்தான். காற்றை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்றும், கரையை ஒட்டி ஓடும் நீரோட்டங்களை வன்னி, தெண்டி என்றும் பெயரிட்டு, வலையின் சாய்வைக் கொண்டே அவற்றின் வேகத்தை மதித்தான். நிற்குமிடத்தை நிச்சயிப்பதற்கோ கரையே துணை. கரையோரப் பனை ஒன்றும் அதற்குப் பின்னே உள்நாட்டில் உயர்ந்து தெரியும் வேறொரு குறியும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்க, மற்றொரு திசையில் அதேபோல் இன்னும் இரண்டு குறிகள் இணைய, அவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அவன் தேடும் பார், அதாவது மீன் கூடும் திட்டு. குமரிக் கரையில் இதற்குக் கணியம் என்று பெயர். இந்தப் பக்கத்தில் எடுப்பாக அமைந்த குறிகள் இரண்டு: கடலூருக்கு மேற்கே செந்நிறமாகத் தெரியும் கேப்பர் மலை, சிதம்பரத்தின் நான்கு கோபுரங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கப்பலோட்டிகளின் வழிகாட்டி நூல்களும், பரங்கிப்பேட்டையை நாடி வருவோர்க்கு அந்த நாற்கோபுரங்களையே அடையாளமாகக் காட்டின. வடகோபுரத்தை எழுப்பிய கிருஷ்ணதேவராயர், தமது கைங்கரியம் மீன் பிடிப்பவனுக்கும் டச்சு மாலுமிக்கும் திசை காட்டுமென்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆழம், காற்று, நீரோட்டம், ஸ்தானம் ஆகிய அத்தனையும் ஒரே மனிதனுடைய சித்தத்தில் ஒருங்கே சேர்ந்திருந்தன. ஒன்றை மற்றொன்றோடு ஒட்டிப் பார்ப்பதற்கு அவன் தனியாக ஒரு முயற்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் யந்திரங்கள் வந்தபோது, இந்த ஞானம் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பெட்டிக்குள் புகுந்தது.

முதலில் வந்தது ஆழத்தின் பெட்டி. 1948-இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள், எதிரொலியைக் கொண்டு மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியை மீனவர் கைக்கு எட்டும் வியாபாரப் பொருளாக்கினார்கள். நம் தேசத்தில் 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின்படி மறு ஆண்டு கொல்லத்தருகே நீண்டகரையில் விசைப்படகு முயற்சி தொடங்கிற்று; தமிழகக் கரைகளிலும் விசைப்படகுகள் பெருகின; அவற்றின் பின்னாலேயே, சற்றுத் தாமதமாக, எக்கோ சவுண்டரும் வந்து சேர்ந்தது. அதன் தத்துவம் எளிது. படகின் அடியில் பொருத்திய சிறு குமிழ் நீருக்குள் ஒலியைச் செலுத்துகிறது. ஒலி கடல்நீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், பதினைந்து மீட்டர் ஆழத்தில் அது தரையைத் தொட்டு மீள ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கே பிடிக்கும். அந்த அற்ப காலத்தை அளந்து ஆழமாகக் காட்டுவதே கருவியின் வேலை. திரையில் தரைக்கோடு தடித்து, அதன் கீழே இரண்டாவது கோடும் தோன்றினால் அடியில் கல். மங்கிக் கரைந்தால் சேறு. இழுவலை போடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் வலையின் விலைக்குச் சமம்.

அடுத்து வந்தது ஸ்தானத்தின் பெட்டி. அமெரிக்க அரசாங்கம் தனது ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், அதுவரை நூறு மீட்டர் வரை தவறக்கூடிய கருவி பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகிவிட்டது. பாட்டன் பேரனுக்கு இரகசியமாகச் சொல்லிக் கொடுத்த பார்கள் 'பாயிண்ட்' என்ற பெயரில் எண்களாகிக் கருவியின் ஞாபகத்தில் ஏறின. இரகசியம் என்னவோ மாறவில்லை. முன்பு பக்கத்து மரத்துக்காரன் கண்ணுக்கு மறைத்தது போலவே இப்போது திரையை மறைக்கிறார்கள். கரையோடும் பிற படகுகளோடும் பேசுவதற்கு வயர்லெஸ் மூன்றாவதாக வந்து நின்றது.

இவ்வாறு பெட்டிகள் பெருகிய சங்கடம் உலகெங்கும் ஏற்பட்டதே. அமெரிக்காவில் படகு மின்னணுக் கருவிகளை விற்பவர்கள் 1957-இல் கூடி, தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் என்ற அமைப்பை நிறுவினார்கள். ஒரு கம்பெனியின் திசைகாட்டி சொல்வதை வேறொரு கம்பெனியின் சுக்கான் யந்திரம் புரிந்துகொள்ளாத அவல நிலையைப் போக்க, அச்சங்கம் 1980-இல் ஒரு சிறு விதியையும், 1983-இல் என்.எம்.இ.ஏ. 0183 என்ற விரிவான விதியையும் வெளியிட்டது. இதன்படி ஒவ்வொரு கருவியும் தான் அறிந்ததை ஒரு வாக்கியமாக வெளியிட வேண்டும். வாக்கியம் டாலர்க் குறியுடன் தொடங்கும். பேசுவது எந்தக் கருவி, சொல்வது எவ்வகைச் செய்தி என்பதை ஐந்தெழுத்து அறிவிக்கும். பின்னர் விவரங்கள் காற்புள்ளிகளால் பிரிந்து வரிசையாக வரும். இறுதியில் நட்சத்திரக் குறியை அடுத்து, வழியில் ஏதேனும் சிதைந்ததா என்று சோதிக்கும் கணக்கு. மொத்தம் எண்பத்திரண்டு எழுத்துக்கு மேற்படலாகாது. ஆழத்தைச் சொல்லும் வாக்கியங்களில் ஒன்று அதே அளவை அடியிலும் மீட்டரிலும் பாகத்திலுமாக மும்முறை சொல்வதைக் காணும்போது, கையை விரித்து அளந்த பழைய மாலுமியின் மரபு இந்த மின்கம்பிக்குள்ளும் புகுந்திருப்பது தெரிகிறது.

அந்த முறையில் ஒரு குறை இருந்தது. ஒரு கம்பியில் ஒரு கருவியே பேசலாம்; மற்றவை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேசுபவை நான்கானால் கம்பிகளும் நான்கு. அவற்றை இணைக்கத் தனிப் பெட்டி. தீர்வு தரைமார்க்கமாக வந்தது. மோட்டார் வாகனங்களுக்காக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கான் என்ற முறையைத் தழுவி, புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் என்.எம்.இ.ஏ. 2000 உருவாயிற்று. படகின் நீளத்துக்கு ஒரே வடம். அதனுள் ஐந்து கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் நீலமும் பேச்சுக்கு, ஐந்தாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உறைக்கு. எக்கோ, ஜி.பி.எஸ்., காற்றுமானி, என்ஜின் வெப்பமானி எல்லாம் இந்த வடத்திலிருந்து கிளை பிரிந்து நிற்கும். இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால், ஊர்க்கூட்டத்தில் நாட்டார் வாய் திறந்ததும் மற்றவர் அடங்குவது போல, அவசரம் மிகுந்த செய்தி தொடர்ந்து செல்ல, மற்றது தானே நிறுத்திக்கொண்டு முறைக்குக் காத்திருக்கும், எதுவும் அழிவதில்லை. வடத்தின் இரு முனைகளிலும் நூற்றிருபது ஓம் தடை ஒவ்வொன்று வைத்தே தீரவேண்டும். இல்லாவிடில் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி, பின்னால் வருவதைக் குழப்பிவிடும். வடம் கெடுவதைவிட, இணைக்கும் மூட்டுகளில் உப்புக் காற்று புகுந்து செம்பு பச்சை பூப்பதாலேயே தொல்லைகள் அதிகம்.

கடலூர்க் கரையின் விசைப்படகுகளில் இந்த ஐந்து கம்பி வடம் பெரும்பாலும் வரவில்லை. இங்கே பெட்டிகளை இணைப்பது படகின் டிரைவரே. ஒரு கண் எக்கோவில், ஒரு கண் ஜி.பி.எஸ்.ஸில், காது வயர்லெஸ்ஸில். இதை ஏழ்மை என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். நம் கரையில் கவலை வேறு விதமாக அமைந்தது: கருவியைக் கருவியோடு இணைப்பதைக் காட்டிலும், படகைக் கரையோடு இணைப்பதே உயிர்ப்பிரச்சினை. புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் இறுதியில் தொடங்கிய முயற்சியில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பு கம்ப்யூட்டர் வழியாக இறக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் தமிழில் ஊருக்கே அறிவிக்கப்பட்டது. 1999-இல் ஹைதராபாத்தில் அமைந்த இன்காய்ஸ் நிறுவனம், விண்கோள்கள் காணும் நீர்வெப்பத்தையும் பாசி நிறத்தையும் கொண்டு, ஒவ்வொரு மீன்பிடித் தளத்திலிருந்தும் எத்திசையில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஆழத்தில் மீன் சேரக்கூடும் என்று சொல்கிறது. பழைய மாலுமியின் மூன்று வினாக்களில் இடமும் ஆழமும் அந்த அறிக்கையில் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சாமியார்பேட்டையையும் சூறையாடிய பின்பும், 2017-இல் ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமற்போன பின்பும், இந்தக் கரையிணைப்பு அரசாங்கக் காரியமாயிற்று. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் அமைந்த டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. இக்கருவி விண்கோளோடு இருவழியிலும் பேசும். படகிலிருப்பவர் அச்செய்திகளைத் தமது கைப்பேசியிலேயே காணலாம்.

ஆகவே படகுக்குள் வடம் வருமுன்பே கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்துவிடக்கூடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும்போது, கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் மறுபடி மாட்டவும் தனித்தனிப் பெட்டியே தோதாக இருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றவை நிற்பதில்லை. ஒன்றை மட்டும் மாற்ற நினைத்தால் மற்றொன்றைத் தொட வேண்டியதுமில்லை. புதிதாக எஃகில் கட்டும் பெரிய படகுகளுக்கு இந்த நியாயம் செல்லாது. என்ஜின் வெப்பமும் டீசல் அளவும் சுக்கானருகே தெரிந்தாக வேண்டிய அப்படகுகளில்தான் ஐந்து கம்பி வடத்துக்கு முதலில் வேலை உண்டாகும்.